பின் சீற்றின் விலை: பழைய போர்ஷே 911-உம் பழைய அவுடி ஆர்8-உம்

புது லக்சரி எஸ்.யூ.வி. ஒன்று வாங்கப் போகிறோம் என்று சொன்னால் எங்கட குடும்பங்களில் ஒருத்தரும் ஏன் என்று கேட்கமாட்டினம். "நல்லது, பிள்ளையளுக்கு வசதி" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணியைக் குடிப்பினம். அதே காசுக்குப் பதினைந்து வருஷப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். அம்மா வீட்டுக் கடன் எவ்வளவு மிச்சம் என்று கேட்பா. அப்பா ஒன்றுமே சொல்லமாட்டார். அதுதான் இன்னும் கஷ்டம்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. இரண்டு ஷிஃப்ற் வேலை செய்து எங்களைப் படிப்பித்த தலைமுறைக்குக் கார் என்றால் வேலைக்குப் போய்வரும் சாமான். பழைய கொரோலா ஒன்று பனியில் ஸ்ரார்ட் ஆனால் அதுவே பெரிய சந்தோஷம். "இந்தக் காசு எங்க போகுது?" என்று அவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. அதற்கு ஒழுங்கான பதில் சொல்ல முடியாவிட்டால் இந்த மாதிரிக் காரை வாங்கவே கூடாது. இந்தக் கட்டுரை அந்தப் பதிலைத் தேடும் முயற்சி.

என்னிடம் இருப்பது 2010 போர்ஷே 911 கரேரா எஸ். என் மச்சானிடம், அதாவது மனைவியின் அண்ணாவிடம், இருப்பது 2009 அவுடி ஆர்8. இரண்டும் மனுவல் கியர். நான் ஸ்காபரோவில், அவர் மார்க்கத்தில். ஞாயிறு காலைகளில் மாறி மாறி ஓடுவோம். எனக்கு 7 வயதில் மகளும் 5 வயதில் மகனும் இருக்கிறார்கள். அவருடைய பிள்ளைகள் இருவரும் பல்கலைக்கழகத்தில். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

இரண்டு கார்கள், ஒரே சைஸ் ரயர்

911 என்ற பெயர் 1960களில் இருந்து வருகிறது. 1963இல் ஃபிராங்ஃபர்ட் கண்காட்சியில் 901 என்றுதான் காட்டினார்கள். நடுவில் பூச்சியம் வரும் மூன்றிலக்கப் பெயர்கள் தங்களுடையவை என்று பெஜோ நிறுவனம் சொன்னதால் 911 ஆனது. எஞ்சின் பின் சக்கரங்களுக்கும் பின்னால் இருக்கிறது. அதனால் நடுவில் இடம் மிஞ்சி, இரண்டு சின்னப் பின் சீற்றுகள் கிடைக்கின்றன. என்னுடையது 997 என்ற தலைமுறையின் இரண்டாவது பாதி: 3.8 லீற்றர், ஆறு சிலிண்டர், 385 குதிரைச்சக்தி.

ஆர்8 2006இல் பாரிஸ் கண்காட்சியில் அறிமுகமானது. லம்போகினி கயார்டோவுக்கு உறவுக்கார். எஞ்சின் ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால், கண்ணாடிக்குக் கீழே, வெளியில் நின்று பார்க்கக்கூடியதாக இருக்கிறது. 4.2 லீற்றர் வி8, 420 குதிரைச்சக்தி, நான்கு சக்கரத்துக்கும் இழுவை. 2008இல் வந்த 'அயன் மேன்' படத்தில் கதாநாயகன் ஓடியது இந்தக் கார்தான். 2024இல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். இதில் இரண்டு சீற்றுகள் மட்டுமே.

வேகத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. நிறுவனங்கள் சொன்ன கணக்கின்படி 0–100 கி.மீ.க்கு ஆர்8 4.6 செக்கன், மனுவல் கியர் 911 4.7 செக்கன். முன்னுக்கு 235/35, பின்னுக்கு 295/30, 19 அங்குல ரயர் இரண்டுக்கும் ஒன்றுதான். ஆகவே வேகத்தை வைத்தோ ரயர்ச் செலவை வைத்தோ ஒன்றைத் தெரிவு செய்ய முடியாது.

வாங்கும் அன்றே போகும் காசு

கனடாவில் 2022 செப்ரெம்பர் 1 முதல் ஒரு லட்சம் டொலருக்கு மேற்பட்ட புதுக் கார்களுக்கு ஆடம்பர வரி இருக்கிறது. ஏற்கனவே இங்கே பதிந்து ஓடிய பழைய காருக்கு அது இல்லை. ஆனால் 13 வீத விற்பனை வரி உண்டு.

இங்கே ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. ஒன்ராறியோவில் தனியாரிடம் வாங்கினால், நீங்கள் கொடுத்த விலை, அரசு பாவிக்கும் 'ரெட் புக்' மொத்த விலை, இரண்டில் எது கூடவோ அதற்குத்தான் வரி. "ரசீதில் குறைச்சு எழுதுவம்" என்ற கதை எடுபடாது. அது சட்டவிரோதமும்கூட. டீலரிடம் வாங்கினால், விளம்பர விலைக்குள் எல்லாக் கட்டணங்களும் அடங்கியிருக்க வேண்டும். எச்.எஸ்.ரி.யும் பதிவுச் செலவும் மட்டும்தான் மேலதிகமாக வரலாம்.

இனிக் கணக்கு. சந்தை விலை நாளுக்கு நாள் மாறும். அதனால் 911க்கு 75,000 டொலர், ஆர்8க்கு 95,000 டொலர் என்று வைத்துக்கொள்வோம். வரி முறையே 9,750 டொலரும் 12,350 டொலரும். ஐந்து வருஷம் வைத்திருந்தால் வருஷத்துக்கு 1,950, 2,470.

அடுத்து, அந்தக் காசைக் காரில் போடாமல் 4 வீதத்தில் போட்டிருந்தால் வந்திருக்கும் வட்டி: 3,000, 3,800. ரசீது வராத செலவு என்பதால் பலர் இதை எழுதுவதில்லை. எழுத வேண்டும்.

விலை வீழ்ச்சியை நான் பூச்சியம் என்று போட்டிருக்கிறேன். இந்த வயதில் இரண்டு கார்களும் பெரிய சறுக்கலைத் தாண்டிவிட்டன. ஆனால் "விலை ஏறும், இது முதலீடு" என்று மனைவிக்கோ புருஷனுக்கோ சொல்லி வாங்காதீர்கள். ஏறினால் நல்லது, அவ்வளவுதான்.

திருத்தச் செலவு எங்கே ஒளிந்திருக்கிறது

எங்கள் இருவருக்கும் ஒரு பழக்கம்: திருத்த வேலைக்கென்று தனிக் கணக்கில் மாதம் மாதம் காசு போடுவது. நான் வருஷத்துக்கு 3,000 ஒதுக்குகிறேன், மச்சான் 5,000 ஒதுக்குகிறார். சில வருஷம் பாதியும் போகாது. சில வருஷம் எல்லாவற்றையும் ஒரே நாளில் விழுங்கும்.

911இல் ஆண்டுதான் முக்கியம். 997இன் முதல் பாதியில், 2008 வரைக்கும், இரண்டு பயங்கள் உண்டு. ஒன்று ஐ.எம்.எஸ். பெயரிங் எனப்படும், எஞ்சினுக்குள் இருக்கும் ஒரு சின்னப் பெயரிங். அது உடைந்தால் எஞ்சினே போய்விடலாம். மற்றது சிலிண்டர் சுவரில் கீறல் விழுவது. குளிர் நாட்டுக் கார்களில் இது கூட என்று மெக்கானிக்குகள் சொல்வார்கள், நாங்கள் இருப்பதோ கனடாவில். 2009 முதல் வந்த கார்களுக்குப் புது எஞ்சின். அந்தத் தண்டும் பெயரிங்கும் அதில் இல்லவே இல்லை. சில ஆயிரம் டொலர் கூடக் கொடுத்தாவது 2009க்குப் பிந்தியதைப் பார்க்கச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

ஆர்8இல் எஞ்சின் உறுதியானது, சுற்றியிருக்கும் சாமான்கள்தான் விலை. 'மக்னெற்றிக் ரைட்' என்ற ஷொக் அப்சோர்பர்கள் ஒயில் ஒழுகும். நான்கையும் மாற்றும் பில் லேசானதல்ல. நேரடியாகச் சிலிண்டருக்குள் பெற்றோல் அடிக்கும் எஞ்சின் என்பதால் வால்வுகளில் கரி படியும், இடைக்கிடை சுத்தம் செய்ய வேண்டும். 'ஆர் ரொனிக்' என்ற பழைய ஓட்டோ கியர் வந்த கார்களில், நெரிசலில் நின்று நின்று போனால் கிளச் வேகமாகத் தேயும். டொன் வலி பார்க்வேயில் மாலை ஐந்து மணி எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மனுவல் எடுங்கள். இல்லையென்றால், இரட்டைக் கிளச் கியர் வந்த பிந்திய மொடலுக்குப் போங்கள்.

எதை வாங்கினாலும், அந்தக் காரைத் தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் காசு கொடுத்து முதலில் பரிசோதியுங்கள். 911இல் சிலிண்டருக்குள் சின்னக் கமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். முந்திய ஆள் கியரைப் பிழையாகப் போட்டு எஞ்சினை அளவுக்கு மீறிச் சுற்றவிட்டிருந்தால் அதுவும் கம்பியூட்டரில் பதிந்திருக்கும், அந்த அறிக்கையைக் கேளுங்கள். தனியார் விற்பனையில் விற்பவர் அரசின் பழைய வாகனத் தகவல் பொதியைத் தரவேண்டும். கார் மேல் கடன் இருக்கிறதா என்று அதில் தெரியும். 'சேஃப்ரி' சான்றிதழ் பாஸ் என்பதை மட்டும் நம்பாதீர்கள். பிரேக்கும் லைற்றும் சட்டப்படி சரி என்றுதான் அது சொல்லும். எஞ்சின் சுகமாக இருக்கிறது என்று சொல்லாது.

இன்சூரன்சும் ஐந்து மாதத் தூக்கமும்

இன்சூரன்ஸ் தொகை ஆளுக்கு ஆள், தபால் குறியீட்டுக்குத் தபால் குறியீடு மாறும். என் கணக்கில் 911க்கு 2,400, ஆர்8க்கு 3,200 என்று போட்டிருக்கிறேன். காரைப் பிடித்துப்போக முன்னம், கார் இலக்கத்தைக் கொடுத்து உங்கள் புரோக்கரிடம் எழுத்தில் விலை வாங்குங்கள்.

நவம்பரில் இருந்து மார்ச் வரை இரண்டும் தூங்கும். வீதியில் உப்புக் கொட்டும் ஊரில் வேறு வழியில்லை. ஏப்ரலில்கூட நல்ல மழை ஒன்று பெய்து உப்பைக் கழுவின பிறகுதான் வெளியில் எடுப்போம். வைப்பதற்கு முன் ஒயில் மாற்றி, ராங்கை நிரப்பி, பற்றரிக்குச் சின்னச் சார்ஜர் பூட்டி, எலி புகாமல் பார்க்க வேண்டும். வீட்டுக் கராஜில் இடம் இல்லாவிட்டால் மாதம் 150 டொலர்ப்படி 750 என்று வையுங்கள்.

அந்த மாதங்களுக்கு வீதியில் ஓடும் காப்புறுதியை நிறுத்தி, களவு, தீ போன்றவற்றுக்கு மட்டும் வைத்திருக்கலாம். காசு மிஞ்சும். ஆனால் பெப்ரவரியில் ஒரு நாள் வெயில் எறிக்கிறது என்று எடுத்து ஓடிவிடாதீர்கள். இன்சூரன்ஸ் இல்லாமல் ஓடினால் ஒன்ராறியோவில் முதல் தடவைக்கே குறைந்தது 5,000 டொலர் அபராதம்.

ஓடும் சுகம்

ஆர்8இல் ஏறுவதே ஒரு விசேஷம். கீழே இறங்கி, வழுக்கி உள்ளே போக வேண்டும். கியர்த் தடிக்குக் கீழே வெட்டு வெட்டாகத் தெரியும் உலோகத் தட்டு. ஒவ்வொரு முறை மாற்றும்போதும் 'டிக்' என்று ஒரு சத்தம். அந்த வி8 8,000 சுற்றைத் தாண்டி ஏறும்போது முதுகுக்குப் பின்னால் கேட்கும் சத்தத்தை எழுதிக் காட்ட எனக்குத் தெரியாது. 60 கி.மீ. வேகத்திலேயே இது சாதாரணக் கார் இல்லை என்று உடம்புக்குத் தெரியும். பெற்றோல் ஸ்ரேசனில் நின்றால் யாராவது வந்து கதைப்பார்கள். அதே அளவுக்குத் தொந்தரவும் உண்டு. 911ஐ விடக் கிட்டத்தட்ட 10 செ.மீ. அகலம். தமிழ்க் கடைகள் இருக்கும் பிளாசாக்களில் பார்க் பண்ணுவது நெஞ்சு பதைக்கிற வேலை.

911 முதல் நாளில் இவ்வளவு பெரிதாக மயக்காது. ஸ்ரியரிங்தான் அதன் கதை. ரயருக்குக் கீழே என்ன நடக்கிறது என்று கைக்கு அப்படியே சொல்லும். கெலடன் பக்கம் ஃபோர்க்ஸ் ஒஃப் த கிரெடிற் என்ற வளைவு வீதி இருக்கிறது. ஆற்றோரமாக, மரங்களுக்குள்ளால் போகும். அங்கே போட்டிருக்கும் வேக எல்லைக்குள் ஓடியே வாய் நிறையச் சிரிப்போடு திரும்பி வரலாம். கார் சின்னது, வெளியில் நன்றாகத் தெரியும், வீதியில் இடம் மிச்சமிருக்கும். மூன்றாவது மாதத்தில்தான் இந்தக் கார் என்னைப் பிடித்தது. இன்னும் விடவில்லை.

ஒரு மணித்தியாலம் மட்டும் ஓடக் கிடைத்தால் ஆர்8ஐ எடுப்பேன். ஒரு வருஷம் ஓடு என்றால் 911.

இரண்டிலுமே முழு வேகத்தைப் பொது வீதியில் காட்ட முடியாது, காட்டவும் கூடாது. எல்லையை விட 50 கி.மீ. கூடினால் ஒன்ராறியோவில் 'ஸ்ரண்ட் டிரைவிங்'. எல்லை 80க்குக் குறைந்த வீதியில் 40 கூடினாலே போதும். அந்த இடத்திலேயே 30 நாள் லைசன்ஸ் போகும், 14 நாள் கார் போகும். குற்றம் உறுதியானால் குறைந்தது 2,000 டொலர் அபராதமும், முதல் தடவைக்கே ஒரு வருஷத் தடையும். இந்தக் கார்களுக்கு இரண்டாவது கியரிலேயே அந்த வேகம் வந்துவிடும். வேகம் வேண்டுமென்றால் போமன்வில் பக்கம் 1961இல் திறந்த மொஸ்போர்ட் ஓட்டப் பாதை இருக்கிறது. இப்போது அதன் பெயர் கனேடியன் ரயர் மோட்டார்ஸ்போர்ட் பார்க். அங்கே போக முன்னம் இன்சூரன்ஸ் பத்திரத்தை வாசியுங்கள். ஓட்டப் போட்டியும் வேகப் பரீட்சையும் சாதாரண பொலிசியில் அடங்காது.

மணித்தியாலத்துக்கு எவ்வளவு?

இப்போது எல்லாவற்றையும் கூட்டுவோம். 911ஐ நான் ஒரு பருவத்தில் சுமார் 100 மணித்தியாலம், 5,000 கி.மீ. ஓடுகிறேன். 100 கி.மீ.க்கு 12 லீற்றர், லீற்றர் 1.80 டொலர் என்று வைத்தால் பெற்றோல் 1,080. ரயருக்கு 500. வரி, வட்டி, இன்சூரன்ஸ், திருத்தம், தங்குமிடம் எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 12,680 டொலர்.

ஆர்8 எங்கள் வீட்டில் இருந்திருந்தால் ஞாயிறு காலை மட்டும்தான் வெளியில் வரும். 40 மணித்தியாலம், 2,000 கி.மீ. 100 கி.மீ.க்கு 16 லீற்றர் என்றால் பெற்றோல் 576. ரயருக்கும் தங்குமிடத்துக்கும் அதே தொகை. மொத்தம் 16,296 டொலர்.

பிரித்துப் பாருங்கள். 911 மணித்தியாலத்துக்கு 127 டொலர். ஆர்8 407 டொலர்.

மூன்றாவதாக ஒரு கணக்கும் போட்டேன். 911ஐயும் நான் தனியாக, 40 மணித்தியாலம் மட்டும் ஓடினால்? பெற்றோல் குறையும், மொத்தம் 12,032 ஆகும். மணித்தியாலத்துக்கு 301. அதாவது 407இல் இருந்து 301க்கு இறங்குவது மலிவான காரினால். 301இல் இருந்து 127க்கு இறங்குவது மேலதிகமாக ஓடும் 60 மணித்தியாலத்தினால். பாகங்களின் விலையை விடப் பெரிய வித்தியாசத்தைச் செய்வது அந்தச் சின்னப் பின் சீற்று.

அந்த 60 மணித்தியாலம் எங்கே வருகிறது? மகளின் நீச்சல் வகுப்பு. சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடம். அப்பப்பா அப்பம்மாவைப் பார்க்கப் போவது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஐஸ்கிரீம். மகன் பின்னால் இருந்து "மூண்டாவது போடுங்கோ அப்பா" என்று கியர் சொல்லுவான். வீட்டில் தமிழில் கதை என்றால் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் பிள்ளை, எண்ணிக்கையைக் காருக்குள் தமிழில் சொல்கிறான்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். 911இன் பின் சீற்று பெரிய ஆக்களுக்கு இல்லை, எல்லாக் கார் சீற்றும் அதில் பொருந்தாது. ஒன்ராறியோச் சட்டப்படி 8 வயது ஆகும்வரை, அல்லது 36 கிலோ, அல்லது 145 செ.மீ. வரும்வரை, பூஸ்ரர் சீற் வேண்டும். காரின் சீற் தலைக்கு முண்டு கொடுக்காவிட்டால் முதுகு உயர்ந்த பூஸ்ரர்தான் சரி. உங்கள் வீட்டுச் சீற்றைக் கையோடு கொண்டுபோய்ப் பூட்டிப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள். 13 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைப் பின்னால் இருத்துவதே பாதுகாப்பு என்பது ஒன்ராறியோ அரசின் ஆலோசனை. ஆர்8இல் பின்னால் என்று ஒன்றே இல்லை. கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு இரண்டுமே இப்போதைக்கு வேண்டாம்.

யாருக்கு எது

இந்தக் கணக்கு மச்சானுக்குப் பொருந்தாது. அவருக்குப் பின் சீற்றில் ஏற்ற ஆளில்லை. மச்சாளும் அவரும் வெள்ளி பின்னேரம் நயாகரா பக்கம் இருவராகப் போய் வருவார்கள். பிள்ளைகளை வளர்த்த இருபது வருஷத்தில் கிடைக்காத தனிமை இது என்று மச்சாள் சொல்லுவா. அவர்களுக்கு ஆர்8 நல்ல கார்.

எங்களைப்போலச் சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில், முதலில் ஆர்.ஈ.எஸ்.பி.யைப் பாருங்கள். ஒரு பிள்ளைக்கு வருஷம் 2,500 டொலர் போட்டால் அரசு 20 வீதம், அதாவது 500 டொலர், சேர்த்துப் போடும். அது வாழ்நாளில் 7,200 வரை. என் கணக்கில் இரண்டு கார்களுக்கும் வருஷ வித்தியாசம் 3,616 டொலர். ஒரு பிள்ளையின் முழு வருஷத் தொகையைக் கட்டியும் மிச்சம் வரும். அதையும் வீட்டுக் கடனையும் அவசரச் சேமிப்பையும் கட்டின பிறகு கையில் இருக்கும் காசில்தான் இந்த ஆசை. கடன் எடுத்து வேண்டாம்.

அதற்குப் பிறகும் மிச்சமிருந்தால், காரின் விலையைப் பார்க்காமல் உங்கள் கலண்டரைப் பாருங்கள். போன வாரம் எத்தனை மணித்தியாலம் அந்தக் காரை எடுத்திருப்பீர்கள், யார் கூட வந்திருப்பார்கள் என்று எழுதுங்கள். இரண்டு மாதம் எழுதினால் எந்தக் கார், அல்லது கார் வேண்டுமா என்பதே, தெரிந்துவிடும்.

அப்பா இன்னும் காரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் 2025 ஜனவரியில் துபாய் 24 மணித்தியாலப் போட்டியில் அஜித்குமாரின் அணி போர்ஷே 911இல் தன் பிரிவில் மூன்றாவதாக வந்த செய்தியை எனக்கு முதலில் அனுப்பியது அவர்தான். இப்போது முன் சீற்றில் அவர் ஏறினால், பின்னால் பேரப்பிள்ளைகள் இருவரும் முண்டியடித்துக்கொண்டு ஏறுகிறார்கள். அந்த மணித்தியாலங்களையும் நான் கணக்கில் சேர்த்திருக்கிறேன்.